வாலிருந்த இடத்தில் கால்

பெரும்பாலான தவளைகள் முட்டையிட்டபின் அதனைத் திரும்பியும் பார்ப்பதில்லை. கருவுக்கு வேண்டிய உணவனைத்தையும் மஞ்சட்கருவில் கட்டுச்சோறாகக் கட்டி வைத்துவிட்டே அவை செல்கின்றன. அச் சோற்றில் மிகச் சிறிதளவே கலந்திருக்கும் ஒரு பொருள் வைட்டமின் ‘ஏ’.

1913ஆம் ஆண்டில் அமெரிக்காவின் விஸ்கான்சினில் மெக்காலமும் மார்கரீட் டேவிஸ் அம்மையாரும் இதன் தடத்தைக் கண்டனர். வெண்ணெயிலும் முட்டைக் கருவிலும் கொழுப்பிற் கரையும் ஏதோ ஒன்று உளது. அஃதின்றி இளம் எலிகள் வளர்வதில்லை என்பதே அவர்கள் முடிபு. கருவுக்கும் அது இன்றியமையாதது என்பதை 1933இல் டெக்ஸாஸ் நாட்டு ஹேல் காட்டினார். அச் சத்தற்ற தீனி தின்ற பன்றியொன்று ஈன்ற 11 குட்டிகளுக்கும் கண்விழியே இல்லை!

குறைந்தாற் கேடு, மிகுந்தால்? இவ் வினாவை ஆராய்ந்தோருள் நம் நாட்டவர்க்குச் சிறந்த இடமுண்டு. 1978இல் ஜெய்ப்பூரில் நியாசி, சக்சேனா என்னும் இருவர் தேரையின் தலைப்பிரட்டைகளுக்குப் பின்னங்காலைத் துண்டித்து, வைட்டமின் ‘ஏ’ கலந்த நீரில் விட்டனர். வெட்டுண்ட பகுதி மட்டும் முளைப்பதே இயல்பு. இங்கோ, வெட்டப்படாது எஞ்சிய மேற்பகுதியும் மீண்டும் ஒருமுறை முளைத்தது. 1992இல் இதனினும் விந்தையான செய்தி புவனேசுவரத்து உத்கல் பல்கலைக்கழகத்தினின்று வந்தது. பிரியம்பதா மொஹந்தி ஹெஜ்மாடி அம்மையாரும் உடனுழைத்தோரும் பலூன் தவளையின் தலைப்பிரட்டைகளில் வாலை வெட்டி, இவ் வைட்டமின் கரைசலில் இட்டனர். வாலுக்குப் பதிலாகக் கால்கள் முளைத்தன! (அம்மையார் ஒடிசி நடனத்திலும் பெயர் பெற்றவர், காலின் அருமை அறிந்தவர்.)

இஃது எவ்வாறு நிகழ்கிறது? கொழுப்பிற் கரையும் இயல்பினதாதலின், இப்பொருள் உயிரணுவைச் சூழ்ந்த கொழுப்புத் திரையை எளிதிற் கடக்கிறது. உள்ளே அமிலமாக மாறி, உட்கருவிலுள்ள ஏற்பியொன்றைப் பற்றிக்கொள்கிறது. அவ்வேற்பி 1987இல் கண்டறியப்பட்டது. பற்றியதும், ‘நீ இருப்பது இன்ன இடம்’ என்று உயிரணுவுக்கு உணர்த்தும் மரபணுக்கள் விழித்தெழுகின்றன. அளவு மிகுந்தபோது வாலின் உயிரணுக்கள் தாம் இடுப்பருகே இருப்பதாக மயங்குகின்றன எனலாம்.

தவளையோடு இது நிற்கவில்லை. இதே அமிலத்தின் ஒரு வடிவம், 1982இல் அமெரிக்காவில் கடுமையான முகப்பருவுக்கு மருந்தாக வந்தது. சூலுற்றிருந்தபோது அதனை உண்ட தாய்மாரின் குழந்தைகள் சிலர் செவியிலும் இதயத்திலும் ஊனத்தோடு பிறந்தனர். இன்று அம் மருந்தைப் பெண்டிர்க்குத் தருமுன், கருவுறவில்லை என்பதைச் சோதித்து அறிந்துகொள்கின்றனர்.