நாலு வருஷம் கச்சேரி செய்யாத குழு

நிரந்தர உத்தியோகத்தை வைத்துக்கொண்டே மனசுக்குப் பிடித்த காரியத்தையும் செய்ய முடியுமா? ஊரை விட்டு வந்து சம்பளத்துக்கு உழைக்கிற நம்மில் பல பேருக்குள் இந்தக் கேள்வி இருக்கும். நிகோலஸ் ஹார்னோன்கூர் கதை எனக்குப் பிடித்துப்போனது இதனால்தான்.

1929-ல் பெர்லினில் பிறந்து, ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் வளர்ந்தவர். வாசித்தது செல்லோ. 1952-ல் வியன்னா சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவில் வேலை கிடைத்தது. தேர்ந்தெடுத்தவர் கராயன். இதற்கு மேல் என்ன வேண்டும்? ஆனால் மனுஷருக்குள் ஒரு குடைச்சல். எழுதப்பட்ட காலத்தில் கேட்டவர்களை உலுக்கிய சங்கீதம், இப்போது ஏன் இப்படி வழவழவென்று, அழகாக மட்டும் கேட்கிறது?

விடை தேடிப் பழைய நூல்களில் இறங்கினார். குவாண்ட்ஸ் புல்லாங்குழலுக்கு எழுதியது (1752), மொஸார்ட்டின் அப்பா லியோபோல்ட் வயலினுக்கு எழுதியது (1756) என்று அந்தக் காலத்துப் பாடநூல்கள் இருக்கின்றன. தாளில் உள்ள ஸ்வரம் பாதி விஷயம்தான். எங்கே அழுத்துவது, எங்கே விடுவது என்பதில் பெரும்பகுதி வாசிக்கிறவருக்கே தெரியும் என்று எழுதாமல் விட்டிருந்தார்கள்.

வாத்தியங்களும் வேறு. ஆட்டுக் குடலில் முறுக்கிய தந்தி, வெளிப்பக்கம் வளைந்த வில், வால்வு இல்லாத ஹார்ன். சுருதி இன்றைய 440 ஹெர்ட்ஸுக்குப் பதில் பொதுவாக 415, அதாவது அரை ஸ்வரம் கீழே. குடல் தந்தியில் சத்தம் குறைவு. ஈரக்காற்று பட்டால் சுருதி விலகும். ஆனால் ஒவ்வொரு ஸ்வரமும் பேச்சில் சொல் விழுவது மாதிரி தனித்தனியாக விழும்!

1953-ல் மனைவி ஆலிஸும் (வயலின் கலைஞர்) ஆர்க்கெஸ்ட்ரா நண்பர்கள் சிலரும் சேர, கான்சென்டஸ் மியூசிகஸ் என்ற குழு உருவானது. ஆர்க்கெஸ்ட்ரா வேலை போக மிச்ச நேரத்தில் வீட்டிலேயே ஒத்திகை. ஒரு வருஷம், இரண்டு வருஷம் இல்லை. முதல் பொதுக் கச்சேரி 1957-ல்தான்! அவசரமே படவில்லை. மாதச் சம்பளம் வந்துகொண்டிருந்ததால் அவசரப்பட வேண்டிய கட்டாயமும் இல்லை.

பிறகு 1964-ல் பாஹின் பிராண்டன்பர்க் கான்செர்ட்டோக்கள் பதிவாயின. 1970-ல் மத்தேயு பாஷன். 1971 முதல் நெதர்லாந்தின் குஸ்தாவ் லியோன்ஹார்ட்டும் இவரும் பங்கு போட்டுக்கொண்டு, பாஹின் ஏறத்தாழ 200 தேவாலயக் காண்டாட்டாக்களைப் பதிவு செய்தார்கள். முடிக்க 1990 ஆனது.

பழைய வாத்தியம் இருந்தால் போதும் என்று அவர் நினைத்ததில்லை. இன்றைய வாத்தியங்கள் வாசிக்கும் வியன்னா பில்ஹார்மோனிக்கின் புத்தாண்டுக் கச்சேரிகளை 2001-லும் 2003-லும் நடத்தியவர் இவர்தான். 2015 டிசம்பரில் ஓய்வு அறிவித்தார். 2016 மார்ச் 5-ல், 86 வயதில் மறைந்தார்.

வேலையை உதறினால்தான் கலை என்று சொல்கிறவர்களிடம் இவருடைய 17 வருஷ உத்தியோகத்தைக் காட்டலாம். ஆனால் கதையின் மறுபாதியையும் சொல்லிவிட வேண்டும். குழு சொந்தக் காலில் நின்ற பிறகு, 1969-ல், அந்த வேலையை அவர் விட்டுவிட்டார். சம்பளம் அவருக்குக் காலம் வாங்கிக் கொடுத்தது. வாங்கின காலத்தை வீணாக்காமல் இருந்ததுதான் அவருடைய சாமர்த்தியம்.