தாரும் சேறும்: ஊவா மலையில் உருண்ட சக்கரங்கள்

இலங்கையின் ஊவா மலையில், பெரகலச் சந்தியில் நிற்கும் கெப் (பிக்கப்) வண்டிகளின் டயரைக் குனிந்து பார்த்தால், எது தோட்டத்துக்குள் போய் வருகிறது, எது தார் வீதியோடு நின்றுவிடுகிறது என்று சொல்லிவிடலாம். தோட்டத்துக்குள் போகும் வண்டியின் டயரில் விளிம்புக் கட்டிகள் கல்லில் அடிபட்டுக் கடித்துக் குதறியது போல இருக்கும். தார் வீதி வண்டியின் டயர் நடுவில் ஒரே சீராகத் தேய்ந்திருக்கும். ஊவாவில் பல கெப்கள் இரண்டு வேலையையும் பார்க்கின்றன. இவற்றுக்கு எந்த டயர் போடுவது என்ற கேள்வி இன்றைக்குப் பிறந்ததல்ல. இந்த மலையில் சக்கரம் உருளத் தொடங்கிய நாளிலிருந்தே இருக்கிறது.

சந்தியில் இரண்டு பெரிய வீதிகள் பிரிகின்றன. ஏ16 ஹப்புத்தளை, பண்டாரவளைப் பக்கம் ஏறுகிறது. கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை, ஹல்துமுல்ல வழியாக வரும் ஏ4 கொஸ்லாந்தவைத் தொட்டு, 220 மீட்டர் உயர தியலும நீர்வீழ்ச்சியைக் கடந்து வெல்லவாயவுக்கு இறங்கி, கடைசியில் மட்டக்களப்பு வரை போகிறது. இந்த வீதி அரசாங்கத்தின் சொத்து. அதிலிருந்து மீரியபெத்த போன்ற தோட்டப் பிரிவுகளுக்குப் பிரியும் வீதிகள் பெரும்பாலும் தோட்டத்தின் பொறுப்பு. ஆக ஒரே பயணத்தில் வண்டி இரண்டு உரிமையாளர்களின் தரையில் ஓடுகிறது. டயர்க் கடைக்காரர் எதைச் சொன்னாலும், சிக்கலின் வேர் இந்த இரட்டை உரிமைதான்.

ஊவாவின் பழைய வாகனத்துக்குச் சக்கரமே கிடையாது. தவளம் என்ற பொதிமாட்டுக் கூட்டம்தான் உப்பையும் கருவாட்டையும் மேலே கொண்டுவந்தது, பாக்கையும் பிற விளைபொருட்களையும் கீழே இறக்கியது. இந்தத் தொழிலில் சோனகர் பெரும்பங்கு வகித்தார்கள். மாட்டின் குளம்புக்குத் தாரும் சேறும் ஒன்றுதான். கோப்பிப் பயிர் பெருகியபோதுதான் குளம்பு போதாமல் போனது. மூட்டை மூட்டையாகக் கோப்பி இறங்கவும் தொழிலாளிக்கு அரிசி ஏறவும் கரத்தை என்ற மாட்டுவண்டி தேவைப்பட்டது. கரத்தைக்கு வீதி தேவைப்பட்டது.

அந்த வீதிகளைப் போடுவித்தவர்களில் பேர்போனவர் மேஜர் தோமஸ் வில்லியம் ரோஜர்ஸ். பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தவர். 1,400 யானைகளைச் சுட்டுக் கொன்றதாக அவரைப் பற்றிச் சொல்வார்கள். கணக்கைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டாலும் கொடுமை குறையாது. 1845இல் ஹப்புத்தளைக் கணவாயில் மின்னல் தாக்கி இறந்தார். அவர் நினைவாக எழுந்த புனித மாற்கு தேவாலயம் பதுளையில் இன்றும் நிற்கிறது. அதே 1845 டிசம்பரில், ரொபர்ட் வில்லியம் தொம்சன் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் பிரிட்டனில் காற்றடைத்த சக்கரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். எவரும் சீண்டவில்லை. 1888இல் பெல்பாஸ்டில் ஜோன் பொய்ட் டன்லப் தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காக அதையே மறுபடி கண்டுபிடிக்கும் வரை, ஊவா மலை இரும்புப் பட்டை அடித்த மரச் சக்கரத்தில்தான் ஏறி இறங்கியது.

இரும்புப் பட்டைக்கும் வீதிக்கும் ஜென்மப் பகை. பட்டை குறுகலாக இருந்தால் மாட்டுக்கு இழுவை லேசு, ஆனால் பாரத்தோடு போகும் சக்கரம் வீதியை உழுதுவிடும். பட்டையை அகலமாக்கினால் வீதி பிழைக்கும், மாடு சாகும். பிரிட்டனில் இந்தத் தகராறு 1753இலேயே அகலச் சக்கரச் சட்டமாக வந்தது. பார வண்டிக்கு ஒன்பது அங்குலப் பட்டை வேண்டும் என்று பாராளுமன்றமே அளவு சொன்னது. டயர் குறுகலா, அகலமா என்று இன்றைக்குக் கெப் சாரதிகள் போடும் சண்டைக்கு இவ்வளவு வயது.

கரத்தையின் ஆட்சியை ரயில் சட்டென்று முடித்துவிடவில்லை. ரயில் 1893இல் ஹப்புத்தளையை எட்டியது, அடுத்த ஆண்டு பண்டாரவளைக்கு வந்தது. அங்கிருந்து பதுளை போய்ச் சேர 1924 ஆகிவிட்டது. ஒன்பது வளைவுப் பாலத்தையும் தெமோதரை வளையத்தையும் கட்டிய அந்தக் காலம் முழுக்க, தேயிலைப் பெட்டிகள் பண்டாரவளை ஸ்டேஷனுக்கு வீதி வழியாகத்தான் வந்தன. 1890இல் தம்பேதென்ன தோட்டத்தைப் பிடித்த தோமஸ் லிப்டன் சக்கரத்தையே தவிர்க்கப் பார்த்தார். மலை உச்சியிலிருந்து ஸ்டோருக்கு (தேயிலைத் தொழிற்சாலைக்கு) கொழுந்து மூட்டைகளைக் கம்பியில் தொங்கவிட்டு இறக்கினார். புத்திசாலித்தனமான ஏற்பாடு. கம்பிக்குச் சேறு கிடையாதே!

இலங்கைக்கு முதல் மோட்டார் கார் 1902இல் வந்தது. அதன் டயருக்கு வேண்டிய மரம் அதற்கு முன்பே வந்துவிட்டது. ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து கொண்டுபோன விதைகளை லண்டன் கியூ தோட்டத்தில் முளைக்கவைத்து, 1876இல் 1,900க்கும் மேற்பட்ட ரப்பர் கன்றுகளை இலங்கையின் ஹெனரத்கொடைக்கு அனுப்பினார்கள். தெற்காசியாவின் ரப்பர்க் கதை அங்கேதான் வேர்விட்டது. ஊவா மாகாணத்திலேயே பதுளைப் பக்கத்து மேட்டில் தேயிலை, மொனராகலைப் பள்ளத்தில் ரப்பர். இரண்டையும் தோட்டத் தொழிலாளியின் கைதான் எடுக்கிறது. 1942இல் மலாயாவும் ஜாவாவும் ஜப்பானிடம் விழுந்ததும், நேச நாடுகளுக்கு இயற்கை ரப்பர் தரும் முக்கிய இடமாக இலங்கை ஆனது. மரம் செத்தாலும் பரவாயில்லை என்று பால் வெட்டினார்கள். பத்து வருடம் கழித்து, 1952 ரப்பர்-அரிசி ஒப்பந்தத்தில் அதே ரப்பர் சீனாவுக்குப் போனது, பதிலுக்கு அரிசி வந்தது.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது ஜீப் மிஞ்சியது. தார், சேறு இரண்டிலும் ஓட வேண்டும் என்று நினைத்தே செய்த முதல் டயர்களில் ஒன்று அதில்தான் இருந்தது. 6.00-16 அளவு, குறுக்கே தடித்த கட்டிகள், எந்தப் பக்கம் திருப்பி மாட்டினாலும் ஒரே அச்சு. வண்டி எந்தத் திசையில் போனது என்று தடத்தை வைத்து எதிரி கண்டுபிடிக்கக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்ததாக ஒரு கதை உண்டு. கதை நன்றாக இருக்கிறது. உண்மையான வசதி அதைவிடச் சாதாரணமானது: இடது, வலது, முன், பின் என்று பார்க்காமல் ஒரே ஸ்பெயார் டயரை எங்கேயும் மாட்டலாம், ரிவர்சிலும் அதே பிடி இருக்கும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம் என்ற தோட்ட வீதியில் ரிவர்ஸ் பிடி சின்ன விஷயமல்ல.

1948இல் பிரிட்டிஷ் லேண்ட்ரோவர் வந்ததும் தோட்ட நிர்வாகிகளான தொரைமாரின் வாகனம் அதுவாயிற்று. அதற்கும் ஆரம்ப அளவு அதே 6.00-16தான். உயரமான, ஒல்லியான, பல அடுக்கு நூல் போட்ட கிராஸ்-பிளை டயர். தொழிலாளிக்கு வாய்த்தது கொழுந்து லொறியும் டிராக்டரும். பிரசவ வலி எடுத்தவளையும் காய்ச்சல்காரரையும் கொஸ்லாந்த ஆஸ்பத்திரிக்கு இறக்கியதும் அந்த வண்டிகள்தான். தேயாத டயர் தொரையின் ஜீப்புக்கு, ரீபில்ட் டயர் லொறிக்கு என்ற முறையை எந்தச் சட்டமும் எழுதவில்லை. காசு எழுதியது.

ரீபில்ட் என்பது தேய்ந்த டயரின் உடம்பை வைத்துக்கொண்டு மேலே புதிய ரப்பர் ஒட்டிப் புழுக்கி எடுப்பது. இலங்கையில் அது ஒரு பெரிய தொழில். அர்பிக்கோ என்று அறியப்படும் ரிச்சர்ட் பீரிஸ் நிறுவனத்தின் பெயர் அதில் பழகிய பெயர். 1960களில் சோவியத் உதவியோடு களனியில் அரசாங்க டயர்த் தொழிற்சாலை எழுந்தது. பின்னாளில் அது தனியார் கைக்குப் போய் சியெட்-களனி ஆனது. 1970களின் இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் தோட்டங்கள் அரசுடைமையாயின. வீதிக்குக் கல் போடுவதும் கான் (வடிகால்) வெட்டுவதும் குறையக் குறைய, டயரின் வேலை கூடியது. இறக்குமதிக் கட்டுப்பாடு தளர்ந்த 1977க்குப் பிறகு ஜப்பானிய ரிகண்டிஷன் கெப்கள் வந்திறங்கின. அவற்றோடு வந்தவை பெரும்பாலும் ரேடியல் டயர்கள்.

ரேடியல் 1946இல் பிரான்சின் மிஷெலின் காப்புரிமை வாங்கிய முறை. நூல்கள் குறுக்கே ஓட, தரையைத் தொடும் பகுதிக்குக் கீழே இரும்புக் கம்பிப் பட்டை. தார் வீதியில் அதன் பிடியையும் ஆயுளையும் எவரும் குறை சொல்ல முடியாது. பக்கச் சுவர்தான் மெலிது. தோட்ட வீதியில் நீட்டிக்கொண்டிருக்கும் கருங்கல் சில்லு அந்தச் சுவரைக் கிழித்தால் பஞ்சர் கடையில் ஒட்ட முடியாது, டயரையே தூக்கிப்போட வேண்டியதுதான். பழைய சாரதிகள் கிராஸ்-பிளையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததற்குப் பிடிவாதம் மட்டும் காரணமில்லை.

பாக் நீரிணைக்கு அந்தப் பக்கமும் இதே கதைதான். தேனி மாவட்டத்தின் கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில்தான் ஏற வேண்டும். 1947இல் மகிந்திரா வில்லிஸ் ஜீப்பைப் பூட்டத் தொடங்கியதிலிருந்து ஒல்லி டயர் அந்த மலைகளின் அடையாளம். நகரத்தில் அழகுக்காக அகல டயர் மாட்டிக்கொண்டு வருகிறவர் அங்கே சிரிப்புக்கு ஆளாவார்.

காரணம் தரையில் இருக்கிறது. கடற்கரை மணலில் அகல டயர் மிதக்கும், அது நல்லது. ஊவாத் தோட்ட வீதியில் மேலே நாலு விரல் சேறு, அடியில் பாவிய கல். ஒல்லி டயர் சேற்றை வெட்டிக்கொண்டு போய்க் கல்லைப் பிடிக்கும். அகல டயர் சேற்றின் மேலேயே வழுக்கும். தவிர, பெரிய டயர் போட்டால் இஞ்சின் இழுக்க வேண்டிய பாரம் கூடி, முதல் கியரில் ஏறிய மேட்டில் வண்டி திணறும். இறக்கத்தில் பிரேக்குக்கும் அதே கஷ்டம். முழுச் சேற்று டயர் என்று ஒன்று விற்கிறார்கள், பெரிய கட்டி, பெரிய இடைவெளி. லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் பார்க்க வீரமாகத்தான் இருக்கும். ஆனால் மழையில் நனைந்த ஏ4 வளைவில் தாரைத் தொடும் ரப்பர் குறைவாக இருப்பதால், பிரேக் போட்ட வண்டி நிற்கப் பிந்தும். சேற்றில் மாட்டிக்கொண்டால் நேரம் போகும். வெல்லவாய இறக்கத்தில் நிற்காவிட்டால் உயிர் போகும்.

காற்றைக் குறைத்தால் டயர் விரிந்து சேற்றில் பிடிக்கும் என்ற கைவைத்தியமும் உண்டு. உண்மைதான். ஆனால் காற்றுக் குறைந்த டயரின் பக்கச் சுவர் வெளியே பிதுங்கும், கல் சில்லு அதற்காகவே காத்திருக்கும். குறைத்த காற்றோடு தார் வீதியில் வேகமாக ஓடினால் டயர் சூடேறி வெடிக்கவும் கூடும். பம்ப் கையில் இல்லாதவர் இந்த வைத்தியத்தைத் தொடாமலிருப்பது நல்லது.

எந்த டயராலும் போக முடியாத நாளையும் ஊவாத் தோட்ட வீதி கண்டது. 2014 அக்டோபர் 29ஆம் தேதி காலையில் மீரியபெத்தவில் மலை சரிந்து லயன்களை மூடியது. அங்கே ஆபத்து இருக்கிறது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. மீட்புக்கு வந்த இராணுவத்தின் கனரக இயந்திரங்களே அந்தச் சேற்றில் சிரமப்பட்டன. பிழைத்தவர்களுக்குப் பிற்பாடு பூனாகலைப் பக்கம் வீடு கட்டிக் கொடுத்தார்கள். மலைச்சரிவு ஏன் நடக்கிறது என்று பேசும்போது மழையோடு சேர்த்துக் கானையும் பேச வேண்டும். தண்ணீர் ஓட வழியில்லாத சரிவு தண்ணீரைக் குடித்துக் கனக்கும், பிறகு நகரும். வீதியோரக் கானைத் துப்புரவாக வைத்திருக்கும் தோட்டத்தில் டயரும் நீடிக்கும், லயத்தில் இருப்பவரும் நிம்மதியாகத் தூங்குவார். இரண்டுக்கும் செலவு ஒன்றே, அந்தச் செலவைத்தான் முதலில் வெட்டுகிறார்கள்.

2020 மார்ச்சில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் வாகன இறக்குமதி நின்றபோது, ஓடிக்கொண்டிருந்த பழைய கெப்களே மலையின் சொத்தாயின. வெலிமடை மரக்கறி கெப்பெட்டிப்பொல பொருளாதார மத்திய நிலையத்துக்குப் போவதும், தோட்டத்துப் பிள்ளைகள் பரீட்சைக்குப் போவதும் அவற்றின் தயவில்தான் நடந்தன. ஐந்து ஆண்டு கழித்து 2025 பெப்ரவரியில் தடை நீங்கியும், புதுக் கெப்பின் விலை தோட்டத்துச் சாரதி எட்டிப்பிடிக்கும் உயரத்தில் இல்லை. பழைய வண்டிக்கு நல்ல டயர் என்பதே அவர் செய்யக்கூடிய ஒரே புதுப்பிப்பு.

ஆகவே பெரகலவிலிருந்து தோட்டப் பக்கம் போய் வரும் கெப்புக்கு ஒரு தீர்ப்புச் சொல்வதானால் இப்படிச் சொல்லலாம்: இரண்டு தரைக்கும் ஏற்ற ஆல்-டெரெய்ன் வகை, கம்பெனி கொடுத்த அளவு, அகலம் கூட்டாமல், பாரத்துக்கென்று பக்கச் சுவர் தடிப்பாகச் செய்த எல்டி ரகம், நாலும் ஒரே மாதிரி. ரீபில்ட் போடத்தான் வேண்டுமென்றால் பின் சக்கரத்துக்குப் போடுங்கள், திசை திருப்பும் முன் சக்கரத்துக்கு வேண்டாம். ஜூலை முதல் செப்டம்பர் வரை, ஊவாத் தேயிலைக்கு நல்ல விலை தரும் காய்ந்த காலத்தில், மொட்டை டயரும் ஓடுவது போலத் தெரியும். ஐப்பசி மழை அந்த நம்பிக்கையைப் பார்க்காது, டயரை அதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். கழற்றிய பழைய டயரைத் தகரக் கூரை பறக்காமல் இருக்க மேலே வைப்பதாக இருந்தால், கீழ்ப்பக்கம் இரண்டு ஓட்டை போட்டு வையுங்கள். தேங்கிய மழைத்தண்ணீரில்தான் டெங்கு நுளம்பு முட்டையிடுகிறது.