சந்தேகத்தின் பலன்

பென்ஷன் என்றதும் நமக்கு ஒரு சித்திரம் ஞாபகம் வருகிறது. சாய்வு நாற்காலி, மூக்குக் கண்ணாடி, காலைப் பத்திரிகை, பக்கத்தில் ஆறிக்கொண்டிருக்கும் காப்பி. முப்பது வருஷம் உழைத்துவிட்டு, மாலை மரியாதையுடன் வீடு திரும்பிய பெரியவர். மாதம் பிறந்தால் பணம் வந்துவிடும். அதில் கதை எழுதுவதற்கு ஒன்றுமில்லை.

ஆனால் இன்னொரு ரகப் பென்ஷன் உண்டு. இருபத்தைந்து வயதில், முப்பது வயதில், உடம்பு கெட்டுப்போய், "இனி நீ வேலைக்கு லாயக்கில்லை" என்று அனுப்பப்பட்டவன் கேட்கும் பென்ஷன். அவனுக்கு மாலையும் கிடையாது, பிரிவுபசாரமும் கிடையாது. ஒரு மருந்துச் சீட்டுடன் வீட்டுக்கு வருகிறான், விண்ணப்பம் போடுகிறான். சில மாதம் கழித்து ஒரு கடிதம் வருகிறது: "உமது மனுவைப் பரிசீலித்தோம். உமது வியாதிக்கும் நீர் பார்த்த உத்தியோகத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று டாக்டர்கள் அபிப்பிராயப்படுகிறார்கள்."

அப்புறம் அவன் என்ன செய்வது? யாரிடம் போய் முறையிடுவது? இந்தச் சின்னக் கேள்விக்கு விடை கண்டுபிடிக்க இங்கிலாந்து தேசத்துக்கு இரண்டு மகாயுத்தங்கள் வேண்டியிருந்தன.

முதல் மகாயுத்தத்தின் நடுவில், 1916ஆம் ஆண்டு, அங்கே பென்ஷனுக்கென்றே ஒரு தனி மந்திரி இலாகா ஏற்பட்டது. ஊனமுற்றுத் திரும்பியவர்களின் கூட்டம் அவ்வளவு பெரிதாகிவிட்டது. கால் போனவன் விஷயத்தில் தகராறு இல்லை. கால் எங்கே என்று இலாகா கேட்டால், பிரான்ஸில் இருக்கிறது என்று அவன் சொல்லிவிடலாம். தகராறெல்லாம் கண்ணுக்குத் தெரியாத வியாதிகளில்தான். பதுங்குகுழித் தண்ணீரில் நாட்கணக்கில் நின்றவனுக்குக் காசநோய் வந்தது. குண்டுச் சத்தம் கேட்டவனுக்கு நரம்பு தளர்ந்து கை நடுங்கியது. இலாகாவின் டாக்டர் சாவதானமாக எழுதினார்: "இது பிறவியிலேயே உள்ள தேகவாகு. யுத்தத்துக்குப் போகாவிட்டாலும் வந்திருக்கும்."

வந்திருக்குமா, வந்திராதா? பிரம்மாவைத் தவிர வேறு யாருக்குத் தெரியும்?

இலாகா மறுத்ததை இலாகாவிடமே அப்பீல் செய்வது, மாமியாரைப் பற்றி மாமியாரிடமே புகார் சொல்வது போலத்தான். ஆகவே 1919இல் பார்லிமெண்டு ஒரு சட்டம் இயற்றிச் சுயேச்சையான அப்பீல் மன்றங்களை அமைத்தது. மன்றத்துக்கு மூன்று பேர். ஒருவர் வக்கீல்; ஒருவர் டாக்டர்; மூன்றாமவர் யுத்தத்தில் ஊனமுற்ற முன்னாள் ராணுவத்தார். இந்த மூன்றாவது நாற்காலியைப் போட்டவர் யாரோ, அவர் மனுஷ சுபாவம் அறிந்தவர். சட்டம் ஒருவருக்குத் தெரியும், வைத்தியம் ஒருவருக்குத் தெரியும், இரவில் தூக்கம் வராமல் புரள்வது என்றால் என்ன என்பது மூன்றாமவருக்குத் தெரியும்.

ஆனால் 1921இல் இன்னொரு சட்டம் வந்து, ராணுவத்தை விட்டு ஏழு வருஷத்துக்குள் பென்ஷன் கேட்காவிட்டால் உரிமை போச்சு என்றது. வியாதிகளுக்குப் பஞ்சாங்கம் தெரியாது. எட்டாவது வருஷம் தலைகாட்டும் வியாதிகளும் உண்டு.

1939இல் இரண்டாவது யுத்தம் வந்தது. பழைய அனுபவத்தை வைத்து இந்தத் தடவை தாராளமாக இருப்பார்கள் என்று நீங்கள் நினைப்பீர்கள். நடந்தது நேர்மாறு. பழைய அனுபவத்தை வைத்துச் சர்க்கார் ஜாக்கிரதையாகிவிட்டது! வியாதி நேரடியாக யுத்த சேவையினால்தான் வந்தது என்று காட்டவேண்டும் என்பது புதிய ஷரத்து. புதிய யுத்தத்தின் சிப்பாய்களுக்கு அப்பீல் மன்றமும் இல்லை. இலாகா சொன்னதே வேதவாக்கு.

இதில் உள்ள அநியாயத்தைச் சற்று யோசித்துப் பாருங்கள். நிரூபிக்கவேண்டியவன் படுக்கையில் கிடக்கிறான். அவன் எந்த ஆஸ்பத்திரியில் எத்தனை நாள் இருந்தான், எந்த டாக்டர் என்ன எழுதினார் என்ற தஸ்தாவேஜுகளெல்லாம் சர்க்காரின் அலமாரியில் இருக்கின்றன. பெட்டியையும் சாவியையும் தானே வைத்துக்கொண்டு, "பெட்டிக்குள் இருப்பதை நீ எடுத்துக் காட்டு" என்று சொல்வதற்குப் பெயர் விசாரணையா?

ஜனங்களும் இப்படித்தான் கேட்டார்கள். "சேவைக்குத் தகுதியென்றால் பென்ஷனுக்கும் தகுதி" என்ற கோஷம் பிறந்தது. அதில் இருந்த தர்க்கம் எளிமையானது. ராணுவத்தில் சேர்க்கும்போது உங்கள் டாக்டர்தானே பரீட்சை செய்து, ஆள் திடகாத்திரம் என்று முத்திரை குத்தினார்? அனுப்பும்போது பிறவி நோயாளி என்றால், அன்றைய டாக்டர் பொய்யரா, இன்றைய டாக்டர் பொய்யரா?

யுத்தம் உச்சத்தில் இருந்த 1943இல் பென்ஷன் மந்திரி ஸர் வால்டர் வோமர்ஸ்லி இறங்கி வரவேண்டியதாயிற்று. அப்பீல் மன்றங்கள் மீண்டும் வந்தன. அதைவிட முக்கியம், விதிகள் தலைகீழாகத் திரும்பின. நிரூபிக்கும் பாரம் சிப்பாயின் தலையில் இல்லை. நியாயமான சந்தேகம் இருந்தால் அதன் பலன் அவனுக்கே. சேரும்போது எழுதிய வைத்தியக் குறிப்பில் இல்லாத வியாதி பிறகு வந்து, அதனால் அவன் விலக்கப்பட்டால், அது சேவையினால் வந்ததாகவே கொள்ளவேண்டும். இல்லையென்றால் சர்க்கார்தான் நிரூபிக்கவேண்டும்.

காகிதத்தில் விதி மாறினால் மனிதர்களின் மனம் உடனே மாறிவிடுமா? மன்றங்கள் பலவும் பழைய பழக்கத்தில், "உன் ருசு எங்கே?" என்றே கேட்டுக்கொண்டிருந்தன. மன்றத்தின் தீர்ப்பில் சட்டப் பிசகு இருந்தால் ஹைகோர்ட்டில் இதற்கென்று நியமித்த ஒரு ஜட்ஜிடம் போகலாம். 1945இல் அந்த ஸ்தானத்துக்கு வந்தவர் ஆல்பிரட் டென்னிங். பிற்காலத்தில் டென்னிங் பிரபு என்று வக்கீல்கள் உலகமெங்கும் கொண்டாடிய, நூறு வயது வாழ்ந்து 1999இல் மறைந்த, அதே மனிதர்தான்.

அவர் குடும்பக் கதையைச் சொல்லவேண்டும். ஐந்து சகோதரர்கள். மூத்தவர் ஜாக் 1916இல் பிரான்ஸ் போர்க்களத்தில் மாண்டார். கார்டன் என்ற சகோதரர் கடற்படையில் சேவை செய்து, காசநோய் கண்டு, 1918இல் இறந்தார். குண்டு பட்டு இறந்தவர் ஒருவர், வியாதியில் இறந்தவர் ஒருவர். இருவரையும் யுத்தம்தான் கொண்டுபோயிற்று என்பதில் அந்தத் தாய்க்குச் சந்தேகம் இருந்திருக்குமா? மனுக்கட்டுகளைப் பிரித்தபோது ஜட்ஜுக்குத் தம்முடைய சகோதரர் ஞாபகம் வந்ததா என்பதைப் பற்றி நாவல் எழுதுகிறவன் பக்கம் பக்கமாக எழுதலாம். சரித்திரம் எழுதுகிறவன் பேனாவை மூடிவிடவேண்டும்.

டென்னிங் செய்தது புரட்சியல்ல. விதியில் எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே வாசித்தார். பாரம் மந்திரியினுடையது, மந்திரி நிரூபிக்காவிட்டால் சிப்பாய்க்கே வெற்றி. இதற்குமுன் தோற்றுப்போனவர்கள் கெடு தாண்டி வந்தபோது, அவர்களுக்கும் கதவைத் திறந்துவிடப் பார்த்தார்.

அதற்காக வந்தவர்களுக்கெல்லாம் அவர் வாரி வழங்கவில்லை. 1947இல் ஒரு சிப்பாயின் விதவை அப்பீலுக்கு வந்தாள். புருஷன் உணவுக்குழாயில் புற்றுநோய் கண்டு இறந்தவர். சட்டம் கேட்பது நியாயமான சந்தேகத்தை. மயிரிழைச் சாத்தியத்தை அல்ல என்று விளக்கி, டென்னிங் அவள் அப்பீலைத் தள்ளிவிட்டார். சந்தேகத்தின் அளவைப் பற்றி அன்று அவர் சொன்ன வாக்கியங்களை இன்றுவரை கொலை வழக்குகளில் வக்கீல்கள் எடுத்துக்காட்டுகிறார்கள். தூக்குமேடைக்கும் விடுதலைக்கும் நடுவே கோடு போட்ட அந்த வார்த்தைகள், ஒரு விதவையின் பென்ஷன் மனுவில் பிறந்தவை. அந்த அம்மாளுக்கு அதனால் ஒரு பென்னிகூடக் கிடைக்கவில்லை.

இன்னொரு ராணுவ அதிகாரியின் கதை இதைவிட விசித்திரம். "உமது ஊனம் சேவையினால் நேர்ந்ததென்று ஏற்றுக்கொள்கிறோம்" என்று யுத்த இலாகா அவருக்குக் கடிதம் எழுதியிருந்தது. அதை நம்பி, வெளி டாக்டரிடம் போய்த் தனி அபிப்பிராயம் வாங்காமல் இருந்துவிட்டார். பிறகு பென்ஷன் இலாகா, "அது அவர்கள் சொன்னது, நாங்கள் சொல்லவில்லை" என்றது. சர்க்கார் என்பது ஒன்றுதான். இடது கை கொடுத்த வாக்கு வலது கையையும் கட்டும் என்று டென்னிங் தீர்ப்பளித்தார்.

இதெல்லாம் சீமைக் கதை, நமக்கென்ன என்று தோன்றலாம். நம் ராணுவத்தின் 1982ஆம் வருஷத்து விதிகளிலும் அதே கருத்துகள் இருந்தன. 1985இல் சிப்பாயாகச் சேர்ந்த ஒருவர் வலிப்பு நோய் காரணமாக 1994இல் விலக்கப்பட்டார். பிறவித் தேகவாகு என்றது வைத்திய போர்டு. பென்ஷன் இல்லை என்றது இலாகா. ஹைகோர்ட்டில் ஒரு ஜட்ஜ் கொடுத்ததை இரண்டு ஜட்ஜுகள் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் 2013இல் சுப்ரீம் கோர்ட் சொல்லிற்று: சேரும்போது வலிப்பு என்று குறிப்பு இல்லை, போர்டு காரணமும் எழுதவில்லை, ஆகவே பென்ஷன் உண்டு. ஒன்பது வருஷ சேவைக்குப் பத்தொன்பது வருஷக் காத்திருப்பு! அந்த 1982ஆம் வருஷத்து விதிகளின் இடத்தில் பிற்பாடு புதிய விதிகள் வந்துவிட்டன.

ஜெயித்தது ஜெயித்ததாகவே இருந்துவிடும் என்று நம்பவும் வேண்டாம். இங்கிலாந்தில் 2005 ஏப்ரலுக்குப் பின் நேர்ந்த ஊனங்களுக்குப் புதிய திட்டம். நஷ்ட ஈட்டுத் தொகையை உயர்த்தினார்கள். கூடவே, நிரூபிக்கும் பாரத்தை ஓசைப்படாமல் மறுபடி சிப்பாயின் தலையில் ஏற்றிவிட்டார்கள்.

ஆகவே மறுப்புக் கடிதம் எவர் வீட்டுக்கு வந்தாலும், "எனக்கு என்ன வியாதி?" என்று மட்டும் பார்த்துப் பயனில்லை. அது அவருக்குத் தெரிந்த சங்கதிதான். அதை நிரூபிக்கவேண்டியது யார் என்று விதியில் எழுதியிருக்கிறது, சேரும்போது டாக்டர் என்ன எழுதினார், மறுக்கும்போது காரணம் எழுதினார்களா - இந்த மூன்றையும் பார்க்கவேண்டும். வியாதியோடு நடக்கும் சண்டையில் சிப்பாய் தோற்றிருக்கலாம். காகிதத்தோடு நடக்கும் சண்டை அதற்குப் பிறகுதான் ஆரம்பமாகிறது.