ஜாடிக்குள் இல்லாத மின்சாரம்

1746 ஜனவரி. ஹாலந்தின் லெய்டன் நகரில் பேராசிரியர் பீட்டர் வான் முஷென்புரூக் மின்சாரத்தைத் தண்ணீரில் பிடித்து வைக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் காலத்து மின்சாரம், சுழலும் கண்ணாடி உருண்டையைக் கையால் தேய்த்தால் வருவது; காற்றில் கொஞ்சம் ஈரம் இருந்தாலும் வந்த சுவடு தெரியாமல் போய்விடுவது. உருண்டைக்குப் பக்கத்தில் பட்டுக் கயிற்றில் ஒரு துப்பாக்கிக் குழாய் தொங்கும். அதிலிருந்து இறங்கும் பித்தளைக் கம்பி, தண்ணீர் ஊற்றிய கண்ணாடி ஜாடிக்குள் முழுகியிருக்கும். ஜாடியை மின்சாரம் கடத்தாத பொருளின் மேல் வைப்பதுதான் விஷயம் தெரிந்தவர்களின் வழக்கம். வைக்காவிட்டால் எல்லாம் கசிந்துவிடும் என்று நம்பினார்கள். ஆய்வுக்கூடத்துக்கு வேடிக்கை பார்க்க வந்துபோகும் ஆந்த்ரேயாஸ் குனேயுஸ் ஒரு வக்கீல். அவருக்கு இந்த வழக்கமெல்லாம் தெரியாது. ஜாடியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு, மறு கையால் கம்பியைத் தொட்டார். தூக்கிவாரிப் போட்டது.

முஷென்புரூக் தானும் வாங்கிப் பார்த்தார். பிரெஞ்சு ராஜ்யத்தையே கொடுத்தாலும் இன்னொரு தடவை இதற்குச் சம்மதிக்க மாட்டேன் என்று பாரிஸில் இருந்த விஞ்ஞானி ரேமுருக்குக் கடிதம் போட்டார்.

உண்மையில் அவருக்கும் முன்னால், 1745 அக்டோபரிலேயே, பொமரேனியாவில் எவால்ட் ஃபான் கிளைஸ்ட் மருந்துக் குப்பியும் ஆணியுமாக இதே அடியை வாங்கியிருந்தார். ஆனால் குப்பியைக் கையில் பிடிக்க வேண்டும் என்பது அவருடைய விவரிப்பில் தெளிவாக விழவில்லை. படித்தவர்கள் செய்து பார்த்து, ஒன்றும் நடக்காமல் விட்டுவிட்டார்கள். பெயர் லெய்டனுக்குப் போனது.

சூட்சுமமே கையில்தான் இருந்தது. தண்ணீரில் சேரும் மின்னூட்டம், கண்ணாடிக்கு வெளியே இருக்கும் கையில் எதிர் மின்னூட்டத்தை இழுத்து நிறுத்துகிறது. மெல்லிய கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நேர், அந்தப் பக்கம் எதிர். ஒன்றை ஒன்று பிடித்துவைப்பதால் உள்ளே மேலும் மேலும் ஏற்ற இடம் கிடைக்கிறது. வெளிப்பக்கம் தரையோடு தொடர்பில்லாமல் இருந்தால் இது நடக்காது. கசிந்துவிடும் என்று பயந்து மற்றவர்கள் அடைத்துவைத்த வழி, ஜாடிக்கு வேண்டிய வழி.

ஊரெல்லாம் பைத்தியம் பிடித்தது. வெர்சாய் அரண்மனையில் நோலே பாதிரியார், பிரெஞ்சு மன்னர் முன்னிலையில் 180 காவல் வீரர்களைக் கைகோத்து நிற்க வைத்து ஜாடியின் மின்சாரத்தைப் பாய்ச்சினார். எல்லாரும் ஒரே நேரத்தில் துள்ளினார்கள். அறிவியல் வரலாற்று நூல்கள் எல்லாவற்றிலும் இந்தக் காட்சி வரும். எனக்கு அதைவிட, லண்டனில் சத்தமில்லாமல் நடந்த வேலை முக்கியமாகப் படுகிறது. ஜான் பெவிஸும் வில்லியம் வாட்சனும் கையை எடுத்துவிட்டு ஜாடியின் மேல் உலோகத் தகடு சுற்றினார்கள். உள்ளே தண்ணீருக்குப் பதிலாகவும் தகடு. பெவிஸ் இன்னும் ஒரு படி போய், தட்டையான ஜன்னல் கண்ணாடியின் இரு பக்கமும் தகடு ஒட்டினார். அதுவும் அதே மாதிரி அடித்தது. ஜாடி ஜாடியாக இருக்கவேண்டிய அவசியமே இல்லை என்று ஆகிவிட்டது.

அப்படியானால் மின்சாரம் எங்கேதான் இருக்கிறது? பிலடெல்பியாவில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் இதைத்தான் குடைந்தார். மின்னூட்டம் ஏற்றிய ஜாடியின் தண்ணீரை வேறொரு குப்பியில் ஊற்றிப் பார்த்தார். அந்தக் குப்பியில் ஒன்றும் இல்லை. காலியான பழைய ஜாடியில் புதுத் தண்ணீர் ஊற்றித் தொட்டார்; அடித்தது. ஆக, இருப்பது கண்ணாடியில் என்று தீர்மானித்தார். உள்ளே எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு வெளியே குறைகிறது, மொத்தத்தில் புதிதாக எதுவும் உண்டாவதில்லை என்ற கணக்கையும் போட்டார். நாம் இன்றும் எழுதும் கூட்டல், கழித்தல் குறிகள் அந்தக் கணக்கிலிருந்து வந்தவை. இவ்வளவு தெளிந்தவர், 1750 கிறிஸ்துமஸ் சமயத்தில் இரண்டு பெரிய ஜாடிகளால் ஒரு வான்கோழியைக் கொல்லப் போய், அதற்கு வைத்திருந்ததைத் தானே வாங்கிக்கொண்டார்.

தண்ணீர் சோதனை கேட்க அழகானது. முடிவு அவ்வளவு சரியில்லை. கண்ணாடியின் மேல் படிந்த ஈரப்படலம் மின்னூட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது என்று 1922-இல் அட்டன்புரூக் என்பவர் காட்டினார். கழற்றக்கூடிய உலோகத் தகடுகளுக்கு நடுவே, கண்ணாடிக்குப் பதில் ஈரம் ஒட்டாத பாரஃபின் மெழுகை வைத்தபோது மின்னூட்டம் அந்த உலோகத்திலேயே நின்றது.

இதற்கு வெகு முன்பே, 1837-இல், மைக்கேல் ஃபாரடே கேள்வியையே மாற்றியிருந்தார். ஒன்றுக்குள் ஒன்றாகப் பித்தளைக் கோளங்கள், நடுவே இடைவெளி. வடிவம்தான் வேறு, அதுவும் லெய்டன் ஜாடிதான். இடைவெளியில் காற்று இருந்தபோது ஏற்றுக்கொண்டதைவிட, அரக்கோ கந்தகமோ வைத்தபோது அது அதிக மின்னூட்டத்தை ஏற்றது. நடுவில் இருக்கும் பொருள் சும்மா இருக்கவில்லை. இரண்டு உலோகங்களுக்கு நடுவே உள்ள வெளியில்தான் காரியம் நடக்கிறது என்று அவர் பிடிவாதமாகச் சொன்னார். மின்புலம் என்று பாடப்புத்தகத்தில் அம்புக்குறி போட்டுப் படித்தது இதைத்தான்.

காந்தம் வேறு வழியாக வந்து சேர்ந்தது. 1820-களில் ஃபெலிக்ஸ் சவாரி, ஜாடியின் மின்சாரத்தைக் கம்பியில் பாய்ச்சி அருகே வைத்த எஃகு ஊசிகளைக் காந்தமாக்கினார். சில ஊசிகளில் வடக்கும் தெற்கும் இடம் மாறிக் கிடந்தன. மின்சாரம் ஒரே திசையில் ஓடியிருந்தால் இப்படி ஆகாது. போய் வந்து, போய் வந்து, அலைந்து அலைந்து அடங்குகிறது என்று 1842-இல் ஜோசப் ஹென்றி சொன்னார். 1853-இல் கெல்வின் அதற்குச் சமன்பாடு எழுதினார். சில வருஷங்களில் ஃபெடர்சன், சுழலும் கண்ணாடியில் தீப்பொறியைப் பிரதிபலிக்க வைத்து அந்த அலைச்சலைப் படமே பிடித்துவிட்டார். தகடுகளுக்கு நடுவே மின்புலம் மாறும்போதெல்லாம் காந்தப்புலமும் பிறக்கிறது என்பது மேக்ஸ்வெல் சேர்த்தது. 1886-இல் கார்ல்ஸ்ரூவில் ஹெர்ட்ஸ் ஒரு கம்பிச் சுருள் வழியாக லெய்டன் ஜாடியின் மின்சாரத்தைப் பாய்ச்சியபோது, தொடாமல் இருந்த இன்னொரு சுருளில் பொறி பறந்தது. அதைத் தொடர்ந்து போய்த்தான் மின்காந்த அலைகளைக் காட்டினார்.

பிறகு ஜாடி கப்பலேறியது. ஆரம்பகால வயர்லெஸ் கருவிகளில் வரிசை வரிசையாக நின்றது. பிரிட்டிஷ் கடற்படை மின்தேக்குத் திறனை ‘ஜார்’ என்ற அலகில் அளந்தது. ஒரு ஜார் என்றால் மைக்ரோஃபாரடில் 900-இல் ஒரு பங்கு. நம் வீட்டுச் சீலிங் ஃபேனில் இருக்கும் 2.5 மைக்ரோஃபாரட் கண்டென்சர், அந்தக் கணக்கில் 2,250 ஜார்.

உள்ளங்கையில் அடங்கும் அந்தக் கண்டென்சரும் ஒரு லெய்டன் ஜாடிதான்; அதற்குள், உலோகம் பூசிய மெல்லிய பிளாஸ்டிக் தாள் சுருட்டிக் கிடக்கிறது. ஃபேன் மோட்டாரில் இரண்டு சுருள்கள். ஒன்றுக்கு நேராகவும், இன்னொன்றுக்குக் கண்டென்சர் வழியாகவும் மின்சாரம் போவதால், இரண்டின் காந்தப்புலமும் முன்பின்னாக உச்சத்துக்கு வருகின்றன. புலம் சுழல்கிறது, ஃபேனும் சுற்றுகிறது. தாளில் எங்காவது ஓட்டை விழுந்தால் சுற்றியுள்ள உலோகப் பூச்சு ஆவியாகி, பழுது அந்த இடத்தோடு நின்றுவிடும். ஆனால் ஒவ்வொரு தடவையும் பரப்பு கொஞ்சம் குறைகிறது. வருஷக்கணக்கில் இது சேர்ந்துதான், அஞ்சில் வைத்தாலும் ஃபேன் மூணில் ஓடுவதுபோல ஓடுகிறது. அடியோடு போய்விட்டால் ‘ம்ம்’ என்று உறுமிக்கொண்டு நிற்கும். அப்போது ஒரு குச்சியால் இறக்கையை லேசாகத் தள்ளினால், எந்தப் பக்கம் தள்ளினோமோ அந்தப் பக்கமே மெல்லச் சுற்ற ஆரம்பிக்கும். காயில் எரிந்துவிட்டது, புது ஃபேன் வாங்குங்கள் என்று யாராவது சொன்னால், முதலில் இதைச் செய்து பார்க்கலாம்.