ஊரைக் கையோடு கொண்டுசென்ற சித்திரங்கள்

அந்தமானில் மரைன் ஹில்லில் குடியிருக்கும் தமிழருக்குச் சொந்த ஊரின் ஏக்கத்தை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பிரிந்த இடத்தின் நினைவைப் படமாகப் பெறச் சித்திரக்காரரை நாடும் வழக்கம் பழையது.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அதன்பின்னும், கும்பினி அதிகாரிகள் பலர், தாயகம் கொண்டுசெல்லத் தஞ்சைச் சித்திரக்காரரிடம் படங்கள் தீட்டுவித்தனர். காகிதத்தில் நீர்வண்ணம், தொழிலுக்கொரு தம்பதி, கையில் அவரவர் கருவி. திருச்சிராப்பள்ளியில் மெல்லிய அபிரகத் தகட்டிலும் தீட்டினர். 1839-இல் உலகிற்கு அறிவிக்கப்பட்ட புகைப்படக் கலை நம் நாட்டிலும் பரவவே, இத்தொழில் மெலிந்தது.

அப்படங்களுள் பல இன்று லண்டன் காட்சிச்சாலைகளில் உள்ளன. குயவர், நெசவாளர் எனத் தொழிற்பெயர் உண்டு. அம்மனிதரின் பெயர் பெரும்பாலும் இல்லை. தீட்டியவர் பெயரும் அரிதே. பணம் தந்தவரின் நினைவு காக்கப்பட்டது. படத்தில் நிற்பவர் யாரென்பது மறைந்தது.

நேயர்களே, பாட்டனார் அமர்ந்திருந்த திண்ணையை நினைவிலிருந்து சொல்லி நீங்களும் ஒரு சித்திரம் தீட்டுவிக்கலாம். அதன் பின்புறத்தில் அவர் பெயர், ஊர், ஆண்டு, தீட்டியவர் பெயர் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். தீவிலே பிறந்த பேரப்பிள்ளைகள் “இவர் யார்?” என்று கேட்கும் நாளில், விடை அங்கேயே இருக்கட்டும்.