வியோலெத்தா பார்ரா: பாட்டு சேகரித்தவரும் பாட்டு கட்டியவரும்

வியோலெத்தா பார்ரா (1917–1967) சிலி நாட்டின் பாடகர், பாடலாசிரியர், நாட்டார் பாடல் சேகரிப்பாளர். ஓவியம், சாக்குத்துணித் தையல்படம், கம்பிச் சிற்பம் என்று கை வைத்தவை இன்னும் பல. லத்தீன் அமெரிக்காவில் 1960களில் எழுந்த ‘புதிய பாடல்’ இயக்கம் அவரைத் தன் தாயாகக் கொண்டாடுகிறது. அவர் எழுதிய ‘கிராசியாஸ் ஆ லா விதா’ (வாழ்வுக்கு நன்றி) ஸ்பானிய மொழியில் உலகம் அதிகம் பாடிய பாடல்களில் ஒன்று. தமிழில் பாப்லோ நெருடாவைப் படித்தவர்கள் ஏராளம். அதே நாட்டில், அதே காலத்தில் வாழ்ந்து, நெருடாவே பாட்டெழுதிப் புகழ்ந்த இந்தப் பெண்ணைப் பற்றி இங்கே பேச்சு குறைவு.

தெற்குச் சிலியின் ஞூப்ளே பகுதியில் 1917 அக்டோபர் 4 அன்று பிறந்தார். பிறந்த ஊர் தங்களுடையது என்று சான் கார்லோஸும் சான் ஃபபியானும் இன்றுவரை போட்டியிடுகின்றன. தந்தை இசை ஆசிரியர். தாய் கிளாரிசா சாந்தோவால் உழவர் குடும்பத்துப் பெண். தையல் வேலை செய்துகொண்டே பாடுவார், கிதாரும் வாசிப்பார். சின்ன வயதில் பெரியம்மை கண்டு வியோலெத்தாவின் முகத்தில் தழும்பு தங்கிவிட்டது. இபாஞேஸின் சர்வாதிகார ஆட்சியில் தந்தைக்கு வேலை போயிற்று. அவர் குடியில் விழுந்து, சீக்கிரமே இறந்தும் போனார். பிள்ளைகள் ரயிலிலும் சர்க்கஸிலும் சாப்பாட்டுக்கடைகளிலும் பாடிக் காசு கொண்டுவந்தார்கள். அந்த வீட்டிலிருந்து பிறகு எத்தனை கலைஞர்கள்! மூத்தவர் நிகானோர் பார்ரா ‘எதிர்க்கவிதை’யின் முன்னோடி, இயற்பியல் பேராசிரியர், 2011இல் செர்வாந்தஸ் பரிசு பெற்றவர். இன்னொரு சகோதரர் ரொபெர்த்தோ எழுதிய ‘லா நெக்ரா எஸ்தெர்’ சிலி நாடக மேடையின் பெருவெற்றிகளில் ஒன்று.

1932இல் நிகானோர் அழைக்க, வியோலெத்தா தலைநகர் சாந்தியாகோவுக்கு வந்தார். ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார், மனம் ஒட்டவில்லை. அக்கா ஹில்தாவுடன் சேர்ந்து மது விடுதிகளில் பாடத் தொடங்கினார். அங்கே கேட்பவர்கள் விரும்பியது மெக்சிக்கோவின் ரஞ்சேராவும் கியூபாவின் பொலேரோவும் அர்ஜென்டினாவின் டாங்கோவும்தான். ஸ்பெயின் நாட்டுப் பாணியில் உடுத்தி, ‘மே மாத வியோலெத்தா’ என்ற மேடைப் பெயரில் ஆந்தலூசியப் பாடல்களையும் பாடினார். 1938இல் லூயிஸ் செரெசேதா என்ற ரயில்வே தொழிலாளியை மணந்தார். பின்னாளில் பெரும் பாடகர்களாகிய இசபெல், ஆங்கெல் இருவரும் இந்த மணத்தில் பிறந்தவர்கள். கணவர் எதிர்பார்த்தது வீட்டோடு இருக்கும் மனைவியை. பத்தாண்டுகளில் மணம் முறிந்தது. இரண்டாம் மணத்தில் இரண்டு பெண் குழந்தைகள்.

முப்பத்தைந்து வயதுவரை வியோலெத்தா பார்ரா பத்தோடு பதினொன்றான விடுதிப் பாடகி. அதற்குப் பிறகு கிடைத்தது பதினைந்தே ஆண்டுகள். அவர் பெயர் நிற்பது அந்தப் பதினைந்தில்தான்.

திருப்பம் அண்ணனிடமிருந்து வந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் படித்துத் திரும்பிய நிகானோர், சிலியின் வாய்மொழிக் கவிதை வடிவங்களில் ஆழ்ந்திருந்தார். அவர் பேசிய பழம்பாட்டுகள் எல்லாம் தனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரிந்தவை என்று தங்கைக்கு அப்போதுதான் உறைத்தது. 1953 வாக்கில் கிதாரும் குறிப்பேடுமாகக் கிளம்பினார். பிறகு ஒலிப்பதிவுக் கருவியும் சேர்ந்துகொண்டது. சாந்தியாகோவை ஒட்டிய பர்ராங்காஸ், புவெந்தே ஆல்தோ போன்ற ஊர்களில் தொடங்கி, தெற்கே மாபுச்சே பழங்குடி ஊர்கள், சிலோயே தீவு வரை தேடல் நீண்டது. கிழவர் கிழவிகளின் அடுப்படியில் போய் உட்கார்ந்தார். முதலில் தான் ஒரு பாட்டுப் பாடுவார். அதற்குப் பதிலாக அவர்கள் ஒன்று பாடுவார்கள். கல்லூரி ஆய்வாளர் யாரும் அவ்வளவு எளிதில் நுழைய முடியாத வாசல் அது.

அவர் தேடியவற்றில் தலையாயது ‘தேசிமா’ என்னும் பத்தடிச் செய்யுள். அடிக்கு எட்டு அசை. முதல், நான்காம், ஐந்தாம் அடிகளுக்கு ஓர் இயைபு. இரண்டும் மூன்றும் ஒன்று. ஆறு, ஏழு, பத்து ஒன்று. எட்டும் ஒன்பதும் இன்னொன்று. ஸ்பெயினிலிருந்து 16ஆம் நூற்றாண்டு வாக்கில் கடல் கடந்து வந்த இந்த யாப்பு, தாய்நாட்டு ஏட்டில் மங்கிய பிறகும் சிலியின் எழுத்தறியாத உழவர் வாயில் பழுதின்றி இருந்தது. முழுப்பாட்டுக்கு இன்னும் கடுமையான கட்டு உண்டு. முதலில் ஒரு நாலடி. அதைத் தொடர்ந்து நான்கு பத்தடிகள். ஒவ்வொன்றும் அந்த நாலடியின் ஓர் அடியில் போய் முடியவேண்டும். கடைசியில் விடைபெறும் பத்தடி ஒன்று. ஈற்றடி கொடுத்து வெண்பா பாடச் சொல்லும் நம் புலவர் சபை வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இந்த ஆட்டத்தின் ருசி உடனே பிடிபடும். பாட்டுகளில் இரு வகை: விவிலியக் கதைகளைப் பாடும் ‘தெய்வப் பாட்டு’, காதலும் சண்டையும் தலைகீழ் உலகமும் பாடும் ‘மனிதப் பாட்டு’.

புவெந்தே ஆல்தோவில் இசையாஸ் ஆங்குலோ என்ற பெரியவர் அவருக்கு வாய்த்த ஆசான். இந்தப் பாட்டுகளுக்கென்றே உள்ள ‘கித்தர்ரோன்’ என்ற வாத்தியத்தை அவரிடம் கற்றார். இருபத்தைந்து நரம்புகள் கொண்ட கனத்த கிதார் அது. இருபத்தொன்று கழுத்தின்மேல் ஓடும். மீதி நான்கும் இரு பக்கமும் தனித்து நிற்கும், அவற்றுக்குக் ‘குட்டிச்சாத்தான்கள்’ என்று பெயர். ஆண்கள் மட்டுமே தொட்டுவந்த வாத்தியம்.

இன்னோர் ஆசான் பர்ராங்காஸைச் சேர்ந்த ரோசா லோர்கா. மருத்துவச்சி. இறந்த குழந்தைகளை அலங்கரிப்பதும் அவர் வேலை. பழைய சிலியின் சிற்றூர்களில் பச்சிளம் குழந்தை இறந்தால் வெள்ளை உடுத்தி, காகிதச் சிறகு கட்டி, பூக்களுக்கு நடுவே நாற்காலியில் உட்காரவைப்பார்கள். அது இப்போது தேவதை. பாடகர்கள் இரவு முழுக்கத் தெய்வப் பாட்டுப் பாடுவார்கள். விடியும் நேரத்தில் குழந்தையே பேசுவதுபோல, தாயிடம் விடைபெறும் பாட்டு வரும். தாய் அழக்கூடாது. கண்ணீர் பட்டால் சிறகு நனைந்து பறக்க முடியாமல் போகும் என்பது நம்பிக்கை.

இந்தச் சடங்கைப் பதிவுசெய்த பெண்ணுக்கே குழந்தையின் சாவு நேர்ந்தது. 1954இல் ரேடியோ சிலேனாவில் ‘வியோலெத்தா பார்ரா பாடுகிறார்’ நிகழ்ச்சி அவரை வீடுதோறும் கொண்டுசேர்த்திருந்தது. ஆண்டின் சிறந்த நாட்டார் கலைஞருக்கான காவ்போலிகான் விருதும் கிடைத்தது. 1955இல் வார்சா நகரின் உலக இளைஞர் விழாவுக்குப் புறப்பட்டார். போன சில வாரங்களில், வீட்டில் விட்டுவந்த கடைக்குட்டி ரொசித்தா கிளாரா இறந்த செய்தி எட்டியது. அவர் உடனே திரும்பவில்லை. பாரிஸில் தங்கி 1956 வரை பாடினார். இதற்காக அவரைக் கடிந்தவர்கள் உண்டு. தானே தன்னைக் கடிந்துகொண்டதை, இறந்த பெண்ணுக்காக அவர் தேசிமா யாப்பில் கட்டிய பாட்டு காட்டுகிறது. ரோசா லோர்காவிடம் கற்ற வடிவம்தான் அந்தத் துக்கத்துக்கும் கைகொடுத்தது. சேகரிப்பு வேறு, படைப்பு வேறு என்று அவரிடம் கோடு போட முடியாமல் போவது இங்கேதான்.

பாரிஸில் லத்தீன் குடியிருப்பின் ‘லெஸ்கால்’ விடுதியில் பாடினார். மனித அருங்காட்சியகத்தின் ஒலிக்காப்பகத்தில் சிலியின் பாட்டுகளைப் பதிந்துவைத்தார். ஷாந் து மோந்த் நிறுவனம் அவர் இசைத்தட்டை வெளியிட்டது. ஊர் திரும்பியதும் ஓடியோன் நிறுவனத்துக்காக ‘சிலியின் நாட்டாரிசை’ வரிசை நெடுந்தட்டுகள் தொடங்கின. குவேக்கா, தொனாதா என்ற இரு பெரும் வகைகளுக்கும் தனித்தனித் தட்டுகள். கொன்செப்சியோன் பல்கலைக்கழகத்தின் ஆதரவில் நாட்டார் கலை அருங்காட்சியகம் ஒன்றையும் அமைத்தார். சேகரித்த பாட்டுகளுக்கு கஸ்தோன் சுப்லெத் இசைக்குறிப்பு எழுதினார். அந்த நூல் வியோலெத்தா இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1979இல்தான் சிலியில் அச்சேறியது.

மெட்டுக் கட்டுவதில் அவருக்கு இன்னொரு முகமும் உண்டு. ‘எதிர்க்குவேக்கா’ என்று பெயரிட்டுத் தனிக் கிதாருக்குச் சில உருப்படிகள் செய்தார். குவேக்கா ஆட்டத்தின் தாளம் அதில் உடைந்து உடைந்து வரும். ‘எல் காவிலான்’ (வல்லூறு) இன்னும் முரட்டுத்தனமானது: ஏமாற்றிய காதலனை வல்லூறாகவும் தன்னைக் கோழியாகவும் வைத்து, பத்து நிமிடத்துக்கு மேல் சொல்லும் சுருதியும் சிதறிப்போக ஓடும் பாட்டு. அதை நடன நாடகமாக்க நினைத்திருந்தார், நடக்கவில்லை. ஒருமுறை கேட்டால் யாரும் இவரைப் பழம்பாட்டுக் காவலர் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகமாட்டார்கள்.

1959இல் மஞ்சள் காமாலை அவரைப் படுக்கையில் கிடத்தியது. சும்மா கிடக்கத் தெரியாதவர். கம்பளி நூலும் சாக்குத்துணியும் எடுத்துத் தைக்க ஆரம்பித்தார். முன்வரைவு கிடையாது. போர், சர்க்கஸ், சிலுவையில் கிறிஸ்து, கிதார் ஏந்திய பறவை முகங்கள் எல்லாம் துணியில் ஏறின. 1964 ஏப்ரலில் பாரிஸின் லூவ்ர் அரண்மனையிலுள்ள அலங்காரக் கலை அருங்காட்சியகத்தில் இவற்றுக்குத் தனிக் கண்காட்சி நடந்தது. லத்தீன் அமெரிக்கக் கலைஞர் ஒருவருக்கு அங்கே அப்படி நடந்தது அதுவே முதல்முறை. சுவிஸ் தொலைக்காட்சி அவரைப் படமெடுத்தபோது, இத்தனை கலைகளில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் எதை எடுப்பீர்கள் என்று கேட்டார்கள். மக்களோடு இருப்பதை எடுப்பேன் என்றார்.

மீண்டும் ஐரோப்பாவில் கழித்த இந்த ஆண்டுகளில் அரசியல் பாட்டுகளும் கூர்மையாயின. சகோதரர் ரொபெர்த்தோ கைதான செய்தி கடிதத்தில் வந்தபோது பிறந்தது ‘லா கார்தா’. ஸ்பெயினின் ஃபிராங்கோ அரசு 1963இல் கம்யூனிஸ்ட் தலைவர் கிரிமாவைக் கொன்றபோது போப்பாண்டவரை நோக்கி ஒரு பாட்டில் கேள்வி எழுப்பினார். மாபுச்சே மக்களின் நில இழப்பைப் பாடும் ‘அரவ்கோவுக்கு ஒரு துயர்’ இன்றும் சிலியின் போராட்டக் களங்களில் ஒலிக்கிறது.

1965இல் இசபெலும் ஆங்கெலும் சாந்தியாகோவின் கார்மென் தெருவில், 340ஆம் எண் வீட்டில் ‘பேஞா தெ லோஸ் பார்ரா’ என்ற பாட்டுக்கூடத்தைத் திறந்தார்கள். சிறிய அறை, மெழுகுவத்தி, மது, கிதார். விக்தோர் ஹாராவும் பத்ரிசியோ மான்ஸும் அங்கேதான் பாடினார்கள். இளைஞர் கூட்டம் அலைமோதியது. ஐரோப்பாவிலிருந்து திரும்பிவந்த தாய்க்கு அது போதவில்லை. அதே ஆண்டு டிசம்பரில், நகருக்கு வெளியே மலையடிவாரத்து லா ரெய்னாவில், ஆயிரம் பேர் அமரும் சர்க்கஸ் கூடாரம் ஒன்றைப் போட்டார். நாட்டார் கலைக்கு ஒரு பல்கலைக்கழகம் என்பது கனவு. தானே சமைத்தார், பரிமாறினார், பாடினார், அங்கேயே குடியிருந்தார். பேருந்து வசதி குறைவு. மழை பெய்தால் சேறு. பல இரவுகளில் மேடையில் இருந்தவர்களைவிடக் கீழே இருந்தவர்கள் குறைவு. காதலர் கில்பேர் ஃபாவ்ர் என்ற சுவிஸ் இசைக்கலைஞர் பொலிவியாவுக்குப் போய், லா பாஸ் நகரில் வேறு வாழ்க்கை அமைத்துக்கொண்டார். ‘ருன் ருன் வடக்கே போனான்’ என்ற பாட்டு அவரைப் பற்றியது.

அந்தப் பாட்டு இடம்பெற்ற ‘கடைசிப் பாடல்கள்’ இசைத்தட்டு 1966 இறுதியில் வந்தது. பெயரை அவரே வைத்தார். கிதாரோடு சரங்கோ, குவாத்ரோ, முரசு. வேறு ஆடம்பரம் இல்லை. கண்ணையும் காதையும் நடந்த கால்களையும் தந்ததற்கு வாழ்வுக்கு நன்றி சொல்லும் பாட்டும், வானத்திலிருந்து மண்வரை எல்லாவற்றையும் சபிக்கும் பாட்டும் ஒரே தட்டில் உண்டு. ‘பதினேழுக்குத் திரும்புதல்’ உழவர்களின் அதே பத்தடி யாப்பில் கட்டியது. ‘எல் கியாதூன்’ மழை நிற்க வேண்டி மாபுச்சே மக்கள் செய்யும் சடங்கு. ‘ரின் தெல் ஆங்கெலித்தோ’வில் அந்தக் குழந்தைச் சாவுச் சடங்கு மீண்டும் வருகிறது; இம்முறை அழுகைக்குப் பதில் சிலோயே தீவின் ஆட்டத் தாளத்தில். சொற்களின் வாலைத் திருகிக் கேலிசெய்யும் ‘மசூர்க்கிக்கா மொதெர்னிக்கா’வும் இதில்தான்.

1967 பிப்ரவரி 5 அன்று அந்தக் கூடாரத்திலேயே தன் உயிரை முடித்துக்கொண்டார். வயது 49. அதனால் இந்தத் தட்டை மரண வாக்குமூலமாகக் கேட்கும் பழக்கம் வந்துவிட்டது. அது பாட்டுகளைச் சிறுமைப்படுத்துவது. சிரிப்பும் வசையும் வேண்டுதலும் காதலும் இத்தனை நிறைந்த ஒன்று விடைபெறும் குறிப்பு மட்டுமாக இருக்க முடியாது.

நன்றிப் பாட்டை அர்ஜென்டினாவின் மெர்சேதெஸ் சோசா 1971இல் முழுக்க வியோலெத்தாவின் பாட்டுகளால் ஆன தட்டில் பாடி கண்டமெங்கும் பரப்பினார். 1974இல் ஜோன் பாயஸ் தன் ஸ்பானியத் தட்டுக்கு அந்தப் பெயரையே வைத்தார். 1976இல் பிரேசிலின் எலிஸ் ரெஜினா பாடினார். இதற்கிடையே 1973 செப்டம்பரில் பினோசேயின் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. விக்தோர் ஹாரா கொல்லப்பட்டார். ஆங்கெல் பாலைவனத்துச் சாகாபூகோ முகாமில் அடைக்கப்பட்டுப் பின்பு நாட்டைவிட்டுப் போனார். இசபெலும் ஐரோப்பாவில் அகதியானார். கணவனையும் மகனையும் காணாமல் பறிகொடுத்த பெண்கள் சாந்தியாகோவில் கூடி, கந்தல் துணியால் தையல்படம் செய்து, நடந்ததை வெளியுலகுக்குச் சொன்னார்கள். அந்தக் கலைக்கு இஸ்லா நெக்ரா ஊர்ப் பெண்களின் எம்பிராய்டரியோடு வியோலெத்தாவின் சாக்குத்துணிப் படங்களும் முன்னோடி.

மகன் ஆங்கெல் எழுதிய நூலை வைத்து ஆந்த்ரேஸ் வூட் இயக்கிய ‘வியோலெத்தா விண்ணுக்குப் போனாள்’ (2011) சன்டான்ஸ் விழாவில் உலகத் திரைப்படப் பிரிவின் பெரும் பரிசு பெற்றது. சாந்தியாகோவில் 2015இல் திறந்த வியோலெத்தா பார்ரா அருங்காட்சியகம், 2020 பிப்ரவரியில் நாட்டின் கொந்தளிப்புக்கிடையே தீப்பிடித்தது. அவர் பிறந்த அக்டோபர் 4 இப்போது சிலியின் இசை நாள். தலைநகருக்குத் தெற்கே பிர்கே ஊரில் கித்தர்ரோன் வாசிப்பைக் கண் தெரியாத கலைஞர் சாந்தோஸ் ரூபியோ பல்லாண்டுகள் சொல்லிக்கொடுத்தார். இன்று அதை வாசிப்பவர்களில் பெண்களும் உண்டு.