18ஆம் நூற்றாண்டுப் பாரிசில் பெண் தையலர் தொழிற்குழுவும் அதன் சட்ட உரிமைகளும்

பிரெஞ்சுப் புரட்சி பழைய தொழிற்குழுக்களை ஒழித்தமையை உழைப்பின் விடுதலையாகக் கொள்வது வரலாற்று நூல்களில் நிலைபெற்ற வழக்கமாகும். பாரிசின் பெண் தையலர்களைப் பொறுத்தவரை அம்முடிபை அவ்வளவு எளிதாக ஏற்க இயலாது.

1675இல் பதினான்காம் லூயியின் ஆணை இவர்களைத் தனித் தொழிற்குழுவாக ஏற்றது. அதற்கு முன்னர் பெண்டிர் ஆடை தைக்கும் உரிமை ஆண் தையலர் குழுவின் கையில் இருந்தது; பெண்கள் மறைவில் தைத்தனர், பிடிபட்டால் துணியை இழந்தனர். பெண்களுக்குப் பெண்களே ஆடை தைப்பது நாணத்துக்கு உகந்தது என ஆணை காரணம் காட்டியது. எல்லாத் தொழில்களையும் குழுக்களாக்கி வருவாய் பெருக்க முனைந்த 1673ஆம் ஆண்டுச் சட்டமே இதன் உண்மையான பின்புலம் எனலாம்.

எனினும் உரிமை முழுமையாகக் கிட்டவில்லை. திமிங்கலத் தாடைத் தகடுகளைச் செருகி விறைப்பாக்கிய மேற்கச்சும், அரசவை உடையின் நீண்ட பின்தொங்கலும் ஆண்களுக்கே ஒதுக்கப்பட்டன. மென்துணி பெண்களுக்கு, விறைப்பு ஆண்களுக்கு என்பதே எல்லைக்கோடு. அக்கோட்டின் மதிப்பைக் குலைத்தது சட்டமன்று, உடைப் பாங்கின் மாற்றமே. தளர்வாகத் தொங்கும் மேலாடைகள் செல்வாக்குப் பெற்றபோது, அன்றாட ஆடையின் பெரும்பகுதி பெண் தையலரிடம் வந்து சேர்ந்தது. வேலைமுறையும் அதற்கு இசைந்தது. பட்டின் விலையோடு ஒப்பிடத் தையற்கூலி மிகச் சிறிது. ஆகவே துணியை இயன்றவரை வெட்டாமல், அணிபவர் உடல்மீதே மடிப்புகளை அமைத்து, பின்னாளில் பிரித்து மறுபடி தைக்க ஏதுவாக நெடுந்தையலிட்டனர். அளவெடுக்கப் பயன்பட்டது வெட்டுக்குறியிட்ட காகிதப் பட்டையே. 1769இல் கார்சோ வெளியிட்ட தையற்கலை நூல் பெண் தையலரின் பணியைத் தனியே விளக்குகிறது.

இக்குழுவின் சிறப்பு தையலைவிடச் சட்டநிலையில்தான் மிகுதியும் விளங்குகிறது. பல குழுக்களில் பெண்கள் கைம்பெண் என்ற நிலையிலேயே இடம்பெற்றனர். கணவனின் உரிமையே அவர்களது உரிமை. இங்கோ பயிற்சி, தேர்ச்சி, கட்டணம் ஆகியவற்றால் ஒரு பெண் தன் பெயரிலேயே தலைமைத் தையலர் ஆனாள். பாரிஸ் வழக்குச் சட்டப்படி மணமான பெண் கணவன் இசைவின்றி ஒப்பந்தம் செய்ய இயலாது. தனித்து வணிகம் நடத்துபவளுக்கோ அவ்வணிகத்தளவில் விலக்கு உண்டு. குழுவின் நிர்வாகிகளும் பெண்களே. உயர்குடியினர் கடனாகவே ஆடை பெற்ற அக்காலத்தில், நிலுவைக்காக நீதிமன்றம் ஏறும் தகுதி வாழ்வாதாரத்தோடு நேரடியாகப் பிணைந்திருந்தது.

ஆயினும் இக்குழுவை இலட்சியப்படுத்தல் பொருந்தாது. கட்டணம் செலுத்த வழியற்ற ஏழைப் பெண்களைப் பொறுத்தவரை அதுவும் ஓர் அடைத்த கதவே. முன்பு ஆண்களால் துரத்தப்பட்டோர் இப்போது பெண் நிர்வாகிகளின் சோதனைக்கு அஞ்சினர்.

1776 பிப்ரவரியில் தூர்கோ குழுக்களை ஒழித்தார். அவர் பதவி இழந்தபின் ஆகஸ்டில் அவை திருத்திய வடிவில் மீண்டன. அப்போது ஆடை அலங்கார வணிகப் பெண்களும் தனிக்குழு உரிமை பெற்றனர். அரசி மரி அந்துவானெத்துக்கு ஆடை அணி வழங்கிய ரோஸ் பெர்தென் அதன் தலைமையேற்றார்.

1791 மார்ச்சில் குழுக்கள் இறுதியாக ஒழிந்தன. மாடியறையில் மறைந்து தைத்தவளுக்குச் சோதனை அச்சம் நீங்கியது. இது மெய்யான பேறே. ஆனால் பெண்கள் தேர்ந்தெடுத்த நிர்வாகப் பதவிகளும், பயிற்சியின் மீதான கட்டுப்பாடும், குழுவாக வழக்காடும் நிலையும் ஒருங்கே மறைந்தன. அதே ஆண்டு ஜூனில் நிறைவேறிய லெ ஷப்பெலியே சட்டம் ஒரே தொழிலோர் மீண்டும் சங்கமாகக் கூடுவதைத் தடைசெய்தது. அரசியல் வாக்குரிமையோ பெண்களுக்கு அப்போது வழங்கப்படவில்லை.